மொகல் தேடும் நண்பனுக்கு

ஏற்காடு,
ஜனவரி 18

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்து சேர்ந்தது. பண்டிகைக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வர நான்கு நாளாகிவிட்டதால், பல்ப்பரில் அரைத்துக் கழுவிய காபிக் கொட்டையைக் களத்தில் கிளறிக் காயவைக்கும் வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. பதில் தாமதமானதற்கு அதுவே காரணம். கருப்பூர் விடுதிக் காலத்தில் ஏற்காட்டுப் பேருந்தில் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழாவதைத் தாண்டும் முன்பே ஜன்னலோரம் இடம் கேட்ட நீ, இந்த வயதில், பனிச்சறுக்கு மலைகளில் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் மொகல் சரிவு எங்கே நன்றாக இருக்கும் என்று என்னிடம் கேட்டிருப்பதைப் படித்துவிட்டு என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை. அமெரிக்காவில், நீ இருக்கும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து நாஷுவாவில் நானும் இருந்த பத்தொன்பது குளிர்காலங்களிலும் நான் சனிக்கிழமைதோறும் தேடி அலைந்தது அதைத்தான்.

பக்கத்து வெர்மான்ட் மாநிலத்துக் கில்லிங்டன் மலையின் அவுட்டர் லிமிட்ஸ் சரிவில் முதல் முறையிலேயே இறங்கிவிட்டு, பாதியில் காலில் பூட்டிய சறுக்குப் பலகையான ஸ்கீயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நடந்து வந்ததாக எழுதியிருக்கிறாய். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1992இல் ஆல்பெர்வில் ஒலிம்பிக்கில் மொகல் முதன்முதலாகப் பதக்கப் போட்டியானபோது பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற டானா வைன்பிரெக்ட் பயின்ற மலை அது. ஒலிம்பிக் மொகல் பாதை ஏறத்தாழ 28 டிகிரி சரிவில், இருநூற்றைம்பது மீட்டருக்குச் சற்று முன்பின்னான நீளத்தில், நடுவே இரண்டு தாவல் மேடுகளோடு அமைவது. சறுக்குபவர் திரும்பும் விதத்துக்கு நடுவர்கள் 60 விழுக்காடும், தாவலுக்கு 20 விழுக்காடும், வேகத்துக்கு 20 விழுக்காடும் மதிப்பெண் தருகிறார்கள். உனக்கும் எனக்கும் அந்த 60 மட்டும் போதும். மற்ற நாற்பதை முழங்கால் நன்றாக இருக்கிறவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.

நீ செய்த தவறு என்று நான் நினைப்பது ஒன்றே ஒன்றுதான். பெயர் பெற்ற சரிவைத் தேடிப் போனாய். தேட வேண்டியது நல்ல மேடுகளை. இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். செங்குத்தான சரிவில் ஆட்கள் பயந்து பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே இறங்குவதால், மேடுகளின் முதுகு சீவப்பட்டு, ஒரு பக்கம் சுவர் போலவும் மறுபக்கம் குழி போலவும் ஆகிவிடுகின்றன. அதைவிடச் சாய்வு குறைந்த, பாதிப் பேர் ஓரளவு நன்றாகத் திரும்பத் தெரிந்தவர்களாக இருக்கும் சரிவில்தான் கொழுக்கட்டை போல உருண்டையான, ஒன்றுக்கொன்று இடைவெளி சீரான மேடுகள் உருவாகும்.

உருவாகும் என்று எழுதும்போது, போன வாரம் களத்தில் கண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஈரக் கொட்டையைப் பரப்பிவிட்டு, காற்றுப் படுவதற்காகக் காலை இழுத்து இழுத்து நடந்து வரப்பு வரப்பாக ஒதுக்குவோம். முதல் ஆளின் கால் போன பள்ளத்திலேயே அடுத்த ஆளின் காலும் தானாக விழுகிறது. பள்ளத்திலிருந்து விலகிய கொட்டை பக்கத்து வரப்பின் மேல் ஏறிக்கொள்கிறது. நான்காவது சுற்றில் யார் நினைத்தாலும் வேறு வழியில் நடக்க முடியவில்லை. மொகல் பிறப்பதும் இப்படித்தான். ஒருவர் திரும்பும்போது ஸ்கீ பனியைச் சீவித் தள்ளுகிறது, அது ஒரு சிறு குவியலாக நிற்கிறது, அடுத்து வருகிறவர் அந்தக் குவியலைச் சுற்றித் திரும்புகிறார், குவியல் வளர்கிறது. யாரும் திட்டமிடாமலே இரண்டு மூன்று நாளில் சரிவு முழுவதும் முட்டை அட்டை போல ஆகிவிடுகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி என்னவென்றால், பனியும் ஆட்களும் கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருக்க, மேடுகள் மட்டும் நாளாக நாளாக மலை மேல் நோக்கி நகர்கின்றன. மேட்டின் கீழ்ப்பக்கத்தில் சீவிய பனி அடுத்த மேட்டின் மேல்பக்கத்தில் போய்ப் படிவதுதான் காரணம். மொகல் என்ற சொல்லைக் கேட்டதும் அக்பர், ஷாஜகான் என்று நான் நினைத்ததைப் போல நீயும் நினைத்திருப்பாய். அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆஸ்திரியப் பக்கத்து ஜெர்மன் பேச்சில் சிறு குன்றுக்கு வழங்கும் சொல்லிலிருந்து வந்தது.

ஆகவே நல்ல மொகலுக்கு வேண்டியவை பனியும், ஆட்களும், இரவில் சமன்படுத்தும் வண்டி வராமல் இருப்பதும். இந்த மூன்றாவதுதான் இப்போது அரிதாகிவிட்டது. பெரிய ரிசார்ட்டுகளில் விடியும் முன்பே எல்லாச் சரிவையும் கோலம் போட்ட வாசல் போல இழைத்து வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்பதால் குறை சொல்லவும் முடியாது. நான் ஆறு ஆண்டுகள் சீசன் பாஸ் வாங்கிய ஒரு மலையில், ஆட்களை நாற்காலியில் மலை மேல் ஏற்றும் லிஃப்டுக்கு அடியில் இருந்த அருமையான மொகல் சரிவை ஒரு வருடம் சொல்லாமல் கொள்ளாமல் சமன்படுத்திவிட்டார்கள். அன்றைக்கு நான் அந்த லிஃப்டில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டு போனதைப் பற்றி இன்னும் எழுதினால் கடிதம் வேறு பக்கம் போய்விடும்.

எனவே கிளம்பும் முன் காலையில் அந்தந்த மலை வெளியிடும் பட்டியலைப் பார். எந்தச் சரிவு சமன்படுத்தப்பட்டது என்று அதில் இருக்கும். உனக்கு வேண்டியது, திறந்திருந்தும் இரண்டு இரவாக அந்தப் பட்டியலில் வராத நடுத்தரச் சரிவு. ஒரே சரிவில் பாதியை இழைத்துப் பாதியை மேடாக விட்டிருந்தால் அதைப் போன்ற பாக்கியம் வேறில்லை: மூச்சு வாங்கும்போது ஓரத்துக்கு நழுவிவிடலாம், மானமும் போகாது. சில இடங்களில் வண்டியை வைத்தே சீரான இடைவெளியில் மேடுகளை அமைத்துத் தருகிறார்கள். பழகுவதற்கு அவை நல்லவை, ஆனால் எனக்குத் தானாக வளர்ந்த மேடுகளின் ஒழுங்கீனம்தான் பிடிக்கும்.

உன் வீட்டிலிருந்து சுலபமாகப் போகக்கூடியது மவுண்ட் சூனப்பீ. அங்கே கூஸ்பம்ப்ஸ் என்றொரு சரிவு உண்டு. புல்லரிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று பயப்படாதே. வாட்டர்வில் வேலியும் அதிக தூரமில்லை; 2024இல் உலகக் கோப்பை மொகல் போட்டியை நடத்திய இடம் என்பதால் அங்குள்ளவர்களுக்கு மேட்டின் அருமை தெரியும். கேனன் மலை மாநில அரசுக்குச் சொந்தமானது, 1938இலேயே கம்பிவடப் பெட்டி ஓடிய இடம். நெடுஞ்சாலையில் போகும்போதே முன்பக்கச் சரிவுகள் கண்ணில் படும், அவற்றில் ஜூமர் என்பதைத்தான் மேடாக விட்டு வைப்பார்கள். ஆனால் கேனனின் குளிரும் காற்றும் இரக்கமற்றவை. வெயில் ஏறாத காலையில் அங்கே போகாதே.

இவற்றையெல்லாம் ஓரிரு சீசன் பழகிய பிறகு, ஒரு நாள் விடியும் முன்பே கிளம்பி வெர்மான்டின் மேட் ரிவர் கிளென்னுக்குப் போ. 1995 முதல் அங்கே சறுக்குபவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து நடத்தும் மலை அது. செயற்கைப் பனி மிகக் குறைவு, சமன்படுத்துவதும் குறைவு, இரு காலையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்கும் ஸ்னோபோர்டுக்கு அனுமதியே இல்லை. முடிந்தால் இறங்கிப் பார் என்பதுதான் அவர்களுடைய வாசகம். அந்த வாசகத்தின் ஸ்டிக்கர் ஒட்டிய கார்களை நாஷுவாவிலேயே பார்த்திருப்பாய். 1948இல் அமைத்த ஒற்றை நாற்காலி லிஃப்டை, புதிதாக இரட்டை நாற்காலி போடாமல், 2007இல் பழையபடியே புதுப்பித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு நாற்காலி என்பதால் மேலே போகும்வரை பேச்சுத் துணை கிடையாது. கீழே மேடுகளில் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். நான் மொகல் கற்றதில் பாதி அந்த நாற்காலியில் உட்கார்ந்து கற்றது.

மலை சிறிதாயிற்றே என்று நீ தயங்கவே வேண்டாம். 2018இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற கனடாவின் மிக்கேல் கிங்ஸ்பரி சிறுவயதில் சறுக்கிய சேன்-சோவர் குன்றின் உயரம் அடியிலிருந்து நுனிவரை 200 மீட்டரைச் சற்றே தாண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு நாம் பேருந்தில் ஏறும் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உயரம் குறைவானால் லிஃப்டில் வீணாகும் நேரமும் குறைவு, ஒரே சரிவில் பகலுக்கு இருபது முறை இறங்கலாம். மேடு பழகுவதற்கு அதைவிட வேறு வழியில்லை.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் இடது முழங்கால் போனது அதில்தான். பிப்ரவரியில் ஒரு நாள் மழை பெய்து, இரவில் உறைந்து, மறுநாள் காலை எட்டரை மணிக்கு முதல் ஆளாக மொகல் சரிவில் இறங்கினேன். முந்திய நாள் மாலையில் அவல் போல இருந்த மேடுகள் அம்மிக்கல்லாக நின்றன. மூன்றாவது மேட்டில் ஸ்கீயின் ஓரம் பிடிக்கவில்லை. நான்காவதில் நான் முட்டியால் மோதினேன். உங்கள் பக்கத்தில் உருகுவதும் உறைவதும் மாறி மாறி நடப்பதால், பதினோரு மணிவரை சமன்படுத்திய சரிவில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, வெயில் விழுந்த பிறகு மேடுகளுக்குப் போ. மார்ச் மாதத்தில் பனி சோளக் குருணை போல உதிரும் பிற்பகல்களில், நாற்பது வயதுக்கு மேற்பட்ட அத்தனை பேரையும் அங்கே பார்க்கலாம்.

இறங்கும் முறையைக் கடிதத்தில் கற்றுத்தர முடியாது, இரண்டு சொல்கிறேன். மேடு எழும்பி வரும்போது முழங்காலை மார்பு நோக்கி மடங்கவிடு, தாண்டியதும் பள்ளத்துக்குள் காலை நீட்டு. தலை மட்டம் மாறக் கூடாது. தலையில் தண்ணீர்க்குடம் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்த நம் ஆயாக்களை நினைத்துக்கொள். அடுத்து, கால் வைக்கும் மேட்டைப் பார்க்காதே, அதற்கு அப்பாலுள்ள மூன்றாவதைப் பார். இந்த இரண்டாவது எனக்குக் கைவர ஐந்து வருடமாயிற்று.

நீ வாங்கியிருக்கும் அகலமான ஸ்கீ புதுப்பனிக்கு ஏற்றது, மேடுகளுக்குள் திரும்பாது. நான் ஊர் திரும்பியபோது உன் காராஜில் விட்டு வந்த, நடுவில் குறுகலான பழைய ஜோடியை எடுத்துக்கொள். நம் இருவருக்கும் உயரம் ஒன்றுதான். பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங்கை மட்டும் கடையில் கொடுத்து உன் எடைக்கும் பூட்ஸுக்கும் ஏற்பச் சரிசெய்யச் சொல், ஓரங்களும் மழுங்கியிருக்கும், தீட்டி வாங்கு. எனக்கு அவை இனித் தேவைப்படாது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனாலும் விற்றுவிடாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்