செயலாளரின் ஆண்டறிக்கை: தராசும் பேரேடும் இளைஞர் பொறுப்பில்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே,

வரவு செலவுக் கணக்கும், சொத்தையும் பொறுப்பையும் காட்டும் ஐந்தொகையும் தணிக்கைச் சான்றுடன் உங்கள் கைகளில் உள்ளன. அந்த எண்களை இங்கே மறுபடி வாசிக்கவில்லை. பால் கொள்முதல், இடுபொருள், கடன் ஆகியவற்றை நடத்தும் நமது கூட்டுறவுச் சங்கத்தின் வேலைகள் எந்த முறையில் நடக்கின்றன, எங்கே பிசகும், எவற்றை இளைய உறுப்பினர்களிடம் ஒப்படைக்கிறோம் என்பதைப் பற்றியதே இந்த அறிக்கை.

பால் கொள்முதல்

சங்கத்தின் மேல் உறுப்பினருக்கு நம்பிக்கை வளர்வதும் தேய்வதும் கொள்முதல் மேசையில்தான். பெரும்பாலான தகராறுகள் மாதிரி எடுப்பதில் தொடங்குகின்றன. நின்ற பாலில் கொழுப்பு மேலே மிதக்கும். கலக்காமல் மேலாக எடுத்தால் கொழுப்பு கூடுதலாகவும், அடியில் எடுத்தால் குறைவாகவும் காட்டும். அதனால் பாலை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றியோ, கலக்கியால் அடிவரை கலக்கியோ, உறுப்பினர் கண்ணெதிரிலேயே மாதிரி எடுக்க வேண்டும் என்பது நமது விதி.

பாலின் கொழுப்பை அளக்கும் கெர்பர் சோதனையில் வரிசை மாறக்கூடாது. முதலில் 10 மி.லி. கந்தக அமிலம், பிறகு 10.75 மி.லி. பால், கடைசியில் 1 மி.லி. அமைல் ஆல்கஹால். பாலைக் குழாயின் ஓரமாக மெதுவாக இறக்க வேண்டும். சட்டென ஊற்றினால் பால் கருகி, கொழுப்புக்கு அடியில் கரும்புள்ளிகள் நின்று அளவைப் படிக்க முடியாமல் போகும். அமிலம் வலுக்குறைந்திருந்தால் வெள்ளைத் துகள்கள் தங்கும். அமிலப் புட்டியைத் திறந்தே வைப்பதால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வலுவிழப்பதே இதற்கு வழக்கமான காரணம். சுழற்சி எந்திரத்தில் குழாய்களை எதிரெதிராக வைக்க வேண்டும். ஒற்றைப்படையில் வந்தால் தண்ணீர் நிரப்பிய குழாய் ஒன்றை எதிரே வைக்கலாம். பிறகு 65 டிகிரி வெந்நீரில் நிறுத்தி, கொழுப்புத் தூணின் அளவைப் படிக்க வேண்டும். அமிலத்தை வாயால் உறிஞ்சி அளக்கும் பழக்கத்தை யாரும், எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவரானாலும், மேற்கொள்ளக் கூடாது.

பால்மானியை மட்டும் நம்புவதும் ஆபத்து. தண்ணீர் சேர்த்தால் பாலின் அடர்த்தி குறையும். கொழுப்பை எடுத்தால் கூடும். இரண்டையும் சேர்த்துச் செய்பவரின் பால், பால்மானியில் நல்ல பாலாகவே தெரியும். அதனால் அடர்த்தியும் கொழுப்பும் சேர்த்தே பார்க்கப்படுகின்றன. மின்னணுக் கருவி வைத்திருந்தாலும், அதன் அளவை அவ்வப்போது கெர்பர் சோதனையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். குழாயில் பால் படிந்தால் கருவி தவறான எண்ணை, அதுவும் மிகுந்த துல்லியத்தோடு, காட்டும்.

இந்த மேசையில் இப்போது ஒரு மூத்த ஊழியரும் ஓர் இளைய உறுப்பினரும் சேர்ந்து நிற்கிறார்கள். அளவைப் படிப்பவர் ஒருவர், எழுதுபவர் மற்றவர். வாரம் மாறினால் வேலையும் மாறும். எண் ஒரே ஆளின் கண்ணையும் கையையும் மட்டும் கடந்து பதிவேட்டில் ஏறாது.

விதையும் இடுபொருளும்

மொத்தமாக வாங்குவதில் விலை குறைவது உண்மை. ஆனால் தேவைப் பட்டியலை முன்பணத்தோடு வாங்காவிட்டால் அந்த ஆதாயம் கிடங்கில் தேங்கிப் போகும். வாய்ப்பேச்சாக "எனக்கும் நாலு மூட்டை" என்று சொன்னவர்கள் சரக்கு வரும் நாளில் வரமாட்டார்கள். யூரியா ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டும். மூட்டைகளை மரப் பலகை மேல், சுவரிலிருந்து இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். விதையை உரத்தோடும் பூச்சிமருந்தோடும் ஒரே அறையில் வைக்கலாகாது. முதலில் வந்தது முதலில் போக வேண்டும்.

விதை விநியோகத்துக்கு முன், ஒரே தொகுதியாக வந்த ஒவ்வொரு குவியலிலும் முளைப்புத் திறன் பார்க்கும் பொறுப்பு முழுவதும் இளைஞர் குழுவிடம் இருக்கிறது. மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் எடுத்துக் கலந்த விதையில் 100 எண்ணி, ஈரத் துணியில் ஒன்றோடொன்று படாமல் பரப்பிச் சுருட்டி, அந்தப் பயிருக்குரிய நாட்கள் கழித்து நல்ல முளைகளை மட்டும் எண்ணுகிறார்கள். பெரியதாகவும் முழுதாகவும் உள்ள விதைகளைப் பொறுக்கி எண்ணினால் சோதனை பொய்யாகும். குவியல் எண்ணை எழுதி, ஒரு பிடி விதையை முத்திரையிட்டு அறுவடை வரை வைத்திருக்கிறோம். வயலில் முளைக்காதபோது விற்பனையாளரிடம் பேச அந்த ஒரு பிடிதான் ஆதாரம்.

கடன்

ஜெர்மனியில் ரைஃபைசன் 1860களில் கிராமக் கடன் சங்கங்களை வளர்த்தபோது வலியுறுத்திய ஒரு கொள்கை இன்றும் பொருந்தும்: உறுப்பினர் ஒருவரையொருவர் அறியக்கூடிய அளவுக்குச் சங்கத்தின் எல்லை சிறியதாக இருக்க வேண்டும். அறிந்திருப்பது கடன் கொடுக்கும்போது உதவுகிறது. வசூலிக்கும்போது அதுவே தயக்கமாகவும் மாறுகிறது.

தவணை, வருமானம் வரும் காலத்தோடு ஒத்துப்போக வேண்டும். கறவை மாட்டுக் கடனைப் பால் பணத்தில் பிடிக்கலாம். பயிர்க்கடனுக்கு மாதத் தவணை விதித்தால், அதைக் கட்ட உறுப்பினர் வேறிடத்தில் கடன் வாங்குவார். இருவர் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பதை ஏற்கக்கூடாது. ஒருவர் விழுந்தால் இருவரும் விழுவார்கள். எல்லாவற்றிலும் கெட்டது ஏட்டுப் புதுப்பிப்பு. பழைய கடன் அடைந்ததாக எழுதி, அதே நாளில் அதே தொகையைப் புதுக்கடனாக எழுதுவது. ஐந்தொகை அழகாக இருக்கும், பணம் இருக்காது.

ஆகையால் 30, 60, 90 நாட்களைத் தாண்டிய நிலுவைகளின் பட்டியல் ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் வாசிக்கப்படும். பட்டியல் தயாரிப்பது இளைஞர்கள். வசூலுக்கு மட்டும் அவர்களைத் தனியே அனுப்புவதில்லை. பெரியவர் ஒருவரின் வாசலில் போய் நிலுவை கேட்பது நிர்வாகக் குழுவின் கடமை. அதைச் சிறியவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இளைஞர் பொறுப்பு

"இளைஞர் அணி" என்று பெயரிட்டு நாற்காலி போடவும் பதாகை கட்டவும் மட்டும் அழைப்பதைப் பல சங்கங்களில் காணலாம். இன்னொரு வகையும் உண்டு: கணினி தெரியும் என்பதற்காக நாள் முழுவதும் பதிவேற்ற வேலையில் உட்கார வைப்பது. தலைமை இரண்டிலும் வளராது. பிழைத்தால் பதில் சொல்ல வேண்டிய வேலை கைக்கு வந்தால்தான் வளரும்.

நமது முறை ஓராண்டுச் சுழற்சி. மூன்று மாதம் கொள்முதல் மேசை, மூன்று மாதம் ரொக்கப் பதிவேடு, மூன்று மாதம் கிடங்கும் கடன் நிலுவையும், கடைசி மூன்று மாதம் குழுக் கூட்டங்களில் பார்வையாளர் இருக்கை. இதில் ரொக்கப் பதிவேடுதான் கடினமான பள்ளிக்கூடம். வசூலிலிருந்து நேராகச் செலவு செய்யாமல் முழுவதையும் வரவு வைக்க வேண்டும். நாள் முடிவில் இருவர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். வேறுபாடு இருந்தால் அன்றே எழுத வேண்டும். பணம் குறைந்தால் மட்டுமே தவறு என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். கூடுதலாக இருந்தால் யாருக்கோ ரசீது எழுதப்படவில்லை என்று பொருள், அது இன்னும் மோசம்.

குழுவில் ஒரே ஓர் இளைஞர் இருந்தால் அவர் வாய் திறக்க மாட்டார். இரண்டு இடமாவது வேண்டும். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே பொருள்நிரலும் தாள்களும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். தாளை மேசையிலேயே முதன்முதலாகப் பார்ப்பவரால் தலையாட்டத்தான் முடியும். படிப்பும் வேலையும் உள்ளவர்களுக்காகக் கூட்ட நேரத்தை மாலைக்கு மாற்றினோம். நிர்வாகிகளின் உறவினர் சுழற்சிக்கு வரலாம், ஆனால் அந்த நிர்வாகியின் பிரிவில் அவருக்குப் பணி கிடையாது.

படித்தவர்கள் வெளியூர் போய்விடுகிறார்கள், பயிற்சி வீண் என்ற பேச்சு ஒவ்வொரு கூட்டத்திலும் எழுகிறது. போகத்தான் செய்வார்கள். அதனால்தான் ஒவ்வொருவரும் பிரிவை விட்டு மாறும்போது, செய்த வேலையை அடுத்தவர் படித்துச் செய்யும் அளவுக்கு இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஆள் போனாலும் முறை சங்கத்தில் தங்குகிறது.

படிப்பு வட்டமும் நடக்கிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1920களின் இறுதியிலிருந்து மோசஸ் கோடியும் அவருடைய சகாக்களும் மீனவர், விவசாயிகளிடையே நடத்திய சிறு படிப்புக் குழுக்களை ஒட்டிய முறை இது. எட்டுப் பத்துப் பேர், ஒரு சந்திப்புக்கு ஒரு கேள்வி, முடிவை ஒருவர் எழுதுவார். ஐந்தொகையில் கையிருப்பு, சரக்கிருப்பு, வரவேண்டியது, தரவேண்டியது, பங்கு மூலதனம் ஆகிய ஐந்து வரிகளை வாசிக்கப் பழகியவர்களே இன்று சங்கத்தின் உறுப்பினர் பேரவையில் கேள்வி எழுப்புகிறார்கள். குழுவுக்கு இது சில நேரம் சங்கடம்தான், ஆனாலும் வேண்டியதே.

உபரிப் பங்கீடு

முதலில் காப்பு நிதி, அடுத்து கல்வி நிதி, அதன் பிறகே உறுப்பினர் பங்கு. பங்குத் தொகைக்கு வரம்புக்குட்பட்ட வட்டி. மீதி அவரவர் சங்கத்தோடு செய்த கொள்முதல், விற்பனை அளவுக்கேற்ப. 1844இல் 28 பேர் இங்கிலாந்தின் ராக்டேலில் கூட்டுறவுக் கடை திறந்தபோது வகுத்த முறையின் வழிவந்தது இது. உபரியில் இரண்டரை சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கும் வழக்கமும் அவர்களுடையதே. லாபம் குறைந்த ஆண்டில் கல்வி நிதியில் கைவைக்கும் யோசனை குழுவில் வந்தது, ஏற்கப்படவில்லை.

பேரவையின் ஒப்புதலுக்கு

ஒன்று: நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் ஓய்வு பெற வேண்டும். எல்லோரும் ஒரே நாளில் மாறினால் வேலை நின்றுவிடும், யாருமே மாறாவிட்டால் அது குடும்பச் சொத்தாகிவிடும்.

இரண்டு: சுழற்சியை முடித்த இளைய உறுப்பினர்களுக்கு, சட்டப்படி வாக்களிக்கும் வயது வந்ததும், குழுவில் இரண்டு முழு வாக்குரிமை இடங்கள்.

மூன்று: கொள்முதல் மேசையின் சோதனைப் பதிவேட்டை உறுப்பினர் எவரும் வேலை நேரத்தில் கேட்டுப் பார்க்கலாம்; மறுக்கும் ஊழியர் காரணத்தை எழுதித் தர வேண்டும்.

மூன்றாவது தீர்மானத்தில் திருத்தம் கொண்டுவர விரும்புவோர், விவாதம் தொடங்குமுன் எழுத்து மூலம் தலைவரிடம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்