தோட்டச் சங்கத்தின் 2025 ஆண்டறிக்கை: மானும் ஞாயிற்றுக்கிழமையும்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். இந்த ஆண்டு ஆறு கூட்டங்கள் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், பாத்தி கேட்டுக் காத்திருந்த மூன்று குடும்பங்களுக்கும் இடம் கொடுத்துவிட்டோம், பழைய தண்ணீர்க் குழாயையும் மாற்றியாயிற்று. இவற்றை இத்தோடு விட்டுவிடுகிறேன், ஏனென்றால் ஆண்டு முழுக்க நாம் கூடிக் கூடிப் பேசியது மானைப் பற்றித்தான்.

பென்சில்வேனியாவின் இந்த செஸ்டர் கவுண்டிக்குக் குடிவந்த புதிதில் கொல்லையில் மான் நின்றால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவோம், படம் எடுத்து ஊருக்கு அனுப்புவோம். இப்போது அப்படி இல்லை. மே கடைசியில் ஒரே இரவில் அவரைக் கன்று அத்தனையும் மொட்டையாகிவிட்டது, வெண்டையில் குருத்தே இல்லை, சர்க்கரைவள்ளிக் கொடி தரையோடு போயிற்று, புதினா மட்டும்தான் தப்பியது. அதைவிடப் பெரிய கவலை உண்ணி. நம் உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு முழங்காலுக்குப் பின்னால் வட்டமாகச் சிவந்து, உண்ணி கடித்து வரும் லைம் நோய் என்று தெரிந்து, மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்டுத் தேறினாள். அமெரிக்காவில் லைம் நோய் மிக அதிகமாகப் பதிவாகும் மாநிலங்களில் பென்சில்வேனியாவும் ஒன்று. இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், நோயை மான் தருவதில்லை. உண்ணிக்குக் கிருமி வருவது பெரும்பாலும் எலியிடமிருந்து. ஆனால் வளர்ந்த உண்ணி இரத்தம் குடித்து முட்டையிட மான் மாதிரி பெரிய உடம்பு வேண்டும், அந்த முட்டையிலிருந்து வருவதுதான் அடுத்த தலைமுறை, அது கசகசா அளவில் இருக்கும்போதுதான் நம் பிள்ளைகள் காலில் ஏறுகிறது.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். இந்த மாநிலத்தில் வேட்டைப் பருவம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை, வேட்டையைக் கவனிக்கும் மாநில அமைப்பான கேம் கமிஷன் ஆண்டுதோறும் முடிவு செய்கிறது. ஆனால் 2025 வரை ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கையில் இருக்கவில்லை. 1873 முதல் ஞாயிறு வேட்டைக்குத் தடை இருந்தது, நரி, கயோட்டி என்னும் சிறிய ஓநாய், காகம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆகவே சட்டமன்றம் மனது வைக்காமல் மான் வேட்டைக்கு ஒரு ஞாயிறுகூடச் சேர்க்க முடியாமல் இருந்தது. 2019இல் வந்த சட்டம் மூன்று ஞாயிறுகளை மட்டும் திறந்துவிட்டது. 2025 ஜூலையில் ஆளுநர் ஜோஷ் ஷப்பீரோ கையெழுத்திட்ட சட்டம் அந்தத் தடையையே எடுத்துவிட்டு, எந்த ஞாயிறு என்று முடிவு செய்யும் உரிமையை கேம் கமிஷனிடம் கொடுத்தது. அவர்கள் செப்டம்பர் 14 முதல் டிசம்பர் 7 வரை 13 ஞாயிறுகளை அறிவித்தார்கள்.

மசோதா நிலுவையில் இருந்தபோது, ஜூன் மாதக் கூட்டத்தில் நடந்த விவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். வேட்டை என்ற சொல்லையே இந்தச் சங்கத்தில் எடுக்கக் கூடாது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார், அவர் குரல் நடுங்கியது எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஊரில் புள்ளிமானைத் தொட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி சிறைக்குப் போக வேண்டும், அந்த நினைப்போடு வளர்ந்தவர்கள் நாம். ஞாயிறு ஒருநாள்தான் காட்டுப்பாதையில் பயமில்லாமல் நடக்கிறோம், அதையும் விட்டுக்கொடுப்பதா என்று நடைக்குப் போகும் பெண்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மறுபக்கம், வாரம் முழுக்க வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கு சனிக்கிழமை மட்டும்தான் மிச்சம், இரண்டு வாரத் துப்பாக்கிப் பருவத்தில் அவர்களுக்கு எத்தனை நாள் கிடைக்கும்? எட்டடி வேலி போடலாம் என்று விலை விசாரித்தோம், நம் நான்கு ஏக்கரைச் சுற்றிப் போட ஐந்து ஆண்டுச் சந்தா போதாது.

பெரும்பான்மை முடிவுப்படி நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதினேன். ஞாயிறு வேட்டையை ஆதரிக்கிறோம், ஆனால் தனியார் நிலத்தில் ஞாயிறன்று வேட்டையாட நிலத்துக்காரரின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும் என்ற 2019 விதியைக் கைவிடக் கூடாது என்று கேட்டிருந்தோம். அந்த விதி நீடிக்கிறது. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி, ஏனென்றால் யார் வரலாம், எப்போது வரலாம் என்பது நம் கையெழுத்தில் இருக்கிறது.

அப்புறம் அந்தக் கையெழுத்தை எப்படிப் பயன்படுத்தினோம் என்றால், பக்கத்துச் சாலையில் குடியிருக்கும் இரண்டு பேருக்கு, வில் வேட்டைக்கு மட்டும், நான்கு ஞாயிறுகளுக்கு அனுமதி கொடுத்தோம். துப்பாக்கிக்கு இல்லை. ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து வில்லுக்கு 50 கெஜம், துப்பாக்கிக்கு 150 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம், நம் நிலத்தில் 150 கெஜத்துக்கு இடமே இல்லை. அந்த நான்கு நாளும் காலை பத்து மணிவரை பின்பாதையை மூடி அறிவிப்புப் பலகை வைத்தோம். அக்டோபர் 19 அன்று நமது தீபாவளி விருந்து, அன்று வர வேண்டாம் என்றோம், ஒரு வார்த்தை பேசாமல் ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டு பெண் மான்கள் கிடைத்தன. கொம்பு மானை எத்தனை எடுத்தாலும் கூட்டம் குறையாது, பெண் மான் குறைந்தால்தான் அடுத்த வசந்தத்தில் குட்டி குறையும் என்று அவர்களே விளக்கினார்கள். ஒரு மானின் இறைச்சி, வேட்டைக்காரர்கள் தரும் இறைச்சியை உணவு வங்கிகளுக்குச் சேர்க்கும் திட்டத்துக்குப் போயிற்று. இரண்டு மானில் நம் அவரை தப்பிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். நம் நிலத்தில் மட்டும் செய்து பயனில்லை, சுற்றியுள்ள நிலத்துக்காரர்களும் அனுமதி கொடுக்க வேண்டும், அவர்களிடம் பேச இரண்டு பேர் பெயர் கொடுங்கள்.

2026 அனுமதிச் சீட்டுகளில் நான் இன்னும் கையெழுத்திடவில்லை. எதிர்த்த மூத்த உறுப்பினர் கேட்டுக்கொண்டபடி இந்த முறை கைதூக்கி இல்லாமல் சீட்டெழுதி வாக்கெடுப்பு, இன்று தேநீருக்குப் பின். நடைக்குப் போகிறவர்களுக்காக வாங்கிய வேட்டைக்காரர் கண்ணில் தெளிவாகப் படும் பன்னிரண்டு ஆரஞ்சு உடுப்புகள் கொட்டகையில் ஆணியில் மாட்டியிருக்கின்றன, எடுத்துப் போகிறவர்கள் நோட்டில் பெயர் எழுதுங்கள்.

செயலாளர்