அருவியிலிருந்து எங்களை மேலே ஏற்றிவிட்ட அண்ணனுக்கு

மழைக்காட்டுக்குள் ஒரு மணி நேர நடைதான், சுலபமான பாதை என்று செருப்போடு கிளம்பியிருந்தோம் (அது தனி முட்டாள்தனம்). அருவிக்குக் கீழே ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது, பாறைமேல் உட்கார்ந்திருந்த நீங்கள் "தண்ணி கலங்குது, மேல ஏறுங்க" என்று கத்தினீர்கள். தலைக்கு மேல் நல்ல வெயில், எதற்கு இந்த அலறல் என்று எரிச்சலாகக்கூட இருந்தது. மிதந்து வந்த சருகையும் சுள்ளியையும் காட்டி, மலைமேல் மழை பெய்தாலும் இங்கே வெள்ளம் வரும் என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் நாங்கள் நின்ற இடமே தெரியவில்லை. அப்புறம் என் காலில் ஒட்டிய அட்டையைப் பிய்க்கவிடாமல் நகத்தால் நெம்பி எடுத்தீர்கள்; ரத்தம் நிற்கவில்லையே என்று பயந்தவனிடம், அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அவ்வளவுதான் என்று சிரித்தீர்கள். பதற்றத்தில் உங்கள் பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி அண்ணா.