ஹாங்காங் முடிந்துபோன ஊரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஹாங்காங்கின் கதை முடிந்துவிட்டது என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை என் தங்கை மகன் கையோடு கொண்டுவந்து காட்டினான். "மாமா, அங்கே இனி ஒண்ணுமில்லையாமே?" என்று கேட்டான். செப்டம்பரில் அங்கே நடக்கும் நகைக் கண்காட்சிக்கு முதல்முறையாக இரத்தினக்கல் கொண்டுபோக இருப்பவன். கட்டுரையைப் படித்ததிலிருந்து அவன் வாப்பாவுக்கும் தயக்கம். அதனால்தான் எழுதுகிறேன்.

கீழக்கரைக்காரர்கள் ஹாங்காங்கைப் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் இல்லை. இலங்கை இரத்தினபுரியில் கல் வாங்கி அங்கே கொண்டுபோய் விற்றவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். நானும் 1993 முதல் 2019 வரை அங்கேதான் பிழைத்தேன்.

அந்த ஊர் செத்துவிட்டது என்ற பேச்சு எனக்குப் புதிதல்ல. 1997-ல் பிரிட்டன் அதைச் சீனாவிடம் ஒப்படைப்பதற்கு 2 வருடம் முன்பே, அமெரிக்காவின் ஃபார்ச்சூன் இதழ் ஹாங்காங்கின் மரணத்தை அட்டையிலேயே போட்டுவிட்டது. 2003-ல் சார்ஸ் நோயில் 299 பேர் இறந்தார்கள். அப்போதும் இதே பேச்சு. லண்டனிலிருந்து வெளிவரும் உலக நிதி மையங்களின் தரவரிசையில் 2022-ல் சிங்கப்பூர் முந்தியது. 2024 செப்டம்பரில் ஹாங்காங் மறுபடி மூன்றாம் இடத்துக்கு வந்தது. அந்தத் தரவரிசையில் ஒரு பங்கு, நிதித்துறை ஆட்களிடம் கேட்டு வாங்கும் அபிப்பிராயம். அபிப்பிராயம் ஏறும், இறங்கும். அதை வைத்து ஒரு ஊரின் உயிரை எப்படி அளப்பது?

எங்களைப் போன்ற சிறு வியாபாரிகள் அங்கே போனதற்குக் காரணம் வேறு. மது, புகையிலை, எரிபொருள் என்று சிலவற்றைத் தவிர எதற்கும் இறக்குமதி வரி கிடையாது. அந்த ஊர் டாலர் 1983-லிருந்து அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டது, ஒன்றுக்கு 7.80 என்ற கணக்கில். அதனால் இன்றைக்குப் பேசிய விலை அடுத்த மாதம் பணம் கைக்கு வரும்போதும் அப்படியே நிற்கும்.

ஹாங்காங்கின் ஹங் ஹாம் பகுதியில் நகைப் பட்டறைகள் இருக்கும் கட்டடம் ஒன்றில் ஒரு சீனப் பெரியவரிடம்தான் நான் அதிகம் விற்றேன். வெள்ளைத்தாள் பொட்டலத்தைப் பிரித்து, நீலக்கல்லை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவார். விளக்கு வெளிச்சத்தில் பார்க்கவே மாட்டார். அப்புறம் கால்குலேட்டரில் ஒரு எண்ணைத் தட்டி என் பக்கம் திருப்புவார். நான் ஒன்று தட்டித் திருப்புவேன். எனக்குக் கன்டனீஸ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் வராது. பொட்டலத்தின் மேல் பென்சிலால் எழுதிய தொகையை அவர் ஒருநாளும் குறைத்துக் கொடுத்ததில்லை.

நாத்தன் ரோட்டில் உள்ள சுங்கிங் மேன்ஷன்ஸ் பற்றியும் சொல்லவேண்டும். உங்கள் கட்டுரை அதைக் கள்ளக்கடத்தல் கூடாரம் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. 17 மாடிக் கட்டடம், அங்கே தப்புத்தண்டா நடந்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே ரோட்டில் கவுலூன் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்துவிட்டு, அங்கே வந்துதான் சோறு சாப்பிட்டோம், பணம் மாற்றினோம், ஊருக்குப் பேசினோம். புதிதாக வந்தவனுக்குப் படுக்க இடம் கிடைத்ததும் அங்கேதான்.

சரி, நடந்ததை மறைக்கவும் வேண்டாம். 2020-ல் சீனா கொண்டுவந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் ஊரின் பேச்சையே மாற்றிவிட்டது. அரசை விமர்சித்துவந்த ஆப்பிள் டெய்லி பத்திரிகை 2021 ஜூனில் நின்றுபோனது. 2002-ல் உலகப் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 18-ஆம் இடத்தில் இருந்த ஊர் 2022-ல் 148-க்குப் போனது. இதை நீங்கள் எழுதியது சரிதான். எனக்கும் அது வலிக்கிறது. அந்த மக்கள் தெருவில் எவ்வளவு சத்தமாகப் பேசிக்கொள்வார்கள் என்று கேட்டுப் பழகியவன் நான்.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்தமுறை அந்த ஊரைப் பற்றி எழுதும்போது வெளிநாட்டுச் செய்தியோடு நிறுத்திவிடாதீர்கள். கீழக்கரைக்கு ஒரு நிருபரை அனுப்புங்கள். அங்கே வாழ்ந்து திரும்பியவர்கள் நல்லதும் சொல்வார்கள், கெட்டதும் சொல்வார்கள்.

மருமகனைப் போகச் சொல்லிவிட்டேன். 2017-லிருந்து இந்தியர்கள் புறப்படும் முன்பே இணையத்தில் பதிவு செய்யவேண்டும், அதை முடித்துவிட்டான். ஜன்னல் வெளிச்சத்தில் கல் பார்க்க இப்போது பழகிக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்