மங்கல் என்பது மென்மை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். அவருடைய மங்கலான உருவங்களைக் கனவின் மென்மை என்று கட்டுரையாளர் வியந்திருப்பதைத்தான், பள்ளியில் நெடுங்காலம் ஓவியம் கற்பித்த என்னால் ஏற்க முடியவில்லை.

ட்ரெஸ்டனில் 1932இல் பிறந்து, பெர்லின் சுவர் எழுவதற்குச் சில மாதங்கள் முன்பு மேற்கு ஜெர்மனிக்கு வந்த ரிக்டர், குடும்பப் புகைப்படங்களையும் பத்திரிகைப் படங்களையும் கேன்வாஸில் ஏறக்குறைய அச்சு அசலாக வரைந்துவிட்டு, எண்ணெய் வண்ணம் காயும் முன்பே உலர்ந்த தூரிகையை அதன்மேல் இழுத்துக் கலைத்தார். தெளிவாக வரையத் தெரிந்தவர் தெளிவை வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறார் என்றால், படத்தைப் பார்த்ததாலேயே அதில் இருப்பவரை அறிந்துவிட்டோம் என்ற நம் நம்பிக்கையை அவர் சந்தேகிக்கிறார் என்றே நான் கொள்கிறேன்.

தாங்கள் வெளியிட்ட படத்தையே எடுத்துக்கொள்வோம். கைக்குழந்தையான ரிக்டருக்குப் பின்னால் புன்னகையுடன் இருக்கும் சிறுமி, அவருடைய சித்தி மரியான்னே. மனநோயாளி என்று முத்திரை குத்தப்பட்டு, கட்டாயக் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டு, நாஜிகளின் கொலைத் திட்டத்துக்கு 1945இல் பலியானவர். 1965இல் இதை வரைந்த ரிக்டர், அதற்கு முந்தைய ஆண்டு தம் முதல் மனைவியின் தந்தை கடற்கரையில் குடும்பத்தோடு சிரித்திருக்கும் காட்சியையும் வரைந்திருந்தார். அந்த மாமனார், ட்ரெஸ்டன் மருத்துவமனை ஒன்றில் இத்தகைய கருத்தடைகளுக்குப் பொறுப்பேற்றிருந்த, நாஜிகளின் எஸ்.எஸ். படையைச் சேர்ந்த மருத்துவர் என்பது, ஒரு பத்திரிகையாளரின் தேடலால் சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகே வெளிவந்தது. இரண்டு முகங்களையும் அத்தனை உன்னிப்பாகப் பார்த்து வரைந்தவரின் கண்ணுக்கும் அந்தத் தொடர்பு அகப்படவில்லை. இதில் மென்மை எங்கே இருக்கிறது?

2014இல் அவர் வரைந்த ‘பிர்கெனாவ்’ இன்னும் கடினமானது. அந்தப் பெயருடைய நாஜி வதைமுகாமில் கைதிகள் 1944இல் உயிரைப் பணயம் வைத்து ரகசியமாக எடுத்த நான்கு புகைப்படங்களை, ஒவ்வொன்றும் 2.6 மீட்டர் உயரமுள்ள நான்கு கேன்வாஸ்களில் முதலில் வரைந்தார். பிறகு அடுக்கடுக்காக வண்ணமிட்டு, நீண்ட பட்டையால் இழுத்து, அவை முற்றிலும் மறையும்வரை மூடினார். தலைப்பு தெரியாமல் எதிரே நிற்பவருக்குச் சாம்பல், கறுப்பு, சிவப்பு, பச்சை ஆகிய நிறங்கள் மட்டுமே தெரியும். ஓவியம் தன் காலில் நிற்காமல் விளக்கத்தை நம்பி நிற்பது குறையே என்று வாதிடுவோர் உண்டு. அது புறந்தள்ளக்கூடிய வாதமும் அல்ல. ஆயினும், காட்சிக்கும் அறிதலுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியைத்தான் அவர் அறுபதுகளிலிருந்தே வரைந்துவந்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

எனவே ஒரு வேண்டுகோள். மரியான்னேயின் படம் பெயரோ ஆண்டோ இன்றி, தபால்தலை அளவில் அச்சாகியிருந்தது. என் வீட்டில் அதைப் பார்த்தவர்கள் அச்சுக் கோளாறு என்றே நினைத்தார்கள். அடுத்த முறை அந்தச் சிறுமி யார் என்று ஒரு வரியாவது படத்தின் கீழே இடம்பெறச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.