11,780 ஓட்டும் 22,000 பேரும்: ஜார்ஜியா மாநிலச் செயலாளருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பிராட் ராஃபென்ஸ்பெர்கர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்குத் தமிழ் தெரியாது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீங்கள் தேர்தல் நடத்தும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஓட்டுரிமை வாங்கிய தமிழர்கள் இதைப் படிப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நீங்கள் ஜனநாயகத்தைக் காத்த தெய்வம், மீதிப் பேருக்குச் சொந்தக் குடியரசுக் கட்சிக்கே துரோகி. இரண்டு தரப்புக்கும் நீங்கள் 2021 ஜனவரி 2, சனிக்கிழமை அன்று ஒரு மணி நேரம் மட்டுமே வாழ்ந்த மனிதர். அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் செய்ததைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

முதலில் அந்த ஒரு மணி நேரத்துக்கான மரியாதையைச் செலுத்திவிடுகிறேன். பதவியில் இருக்கும் அதிபர் டிரம்ப் தொலைபேசியில் அழைத்து, 11,780 ஓட்டுகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார். 2020 அதிபர் தேர்தலில் ஜார்ஜியாவில் பைடன் ஜெயித்த வித்தியாசம் 11,779. அதைவிட ஒன்று கூடக் கேட்கிறார், அவ்வளவுதான். அந்தத் தேர்தலில் ஜார்ஜியாவில் பதிவான ஏறத்தாழ 50 லட்சம் ஓட்டுகளை நீங்கள் மூன்று முறை எண்ணியிருந்தீர்கள், அதில் ஒருமுறை கையாலேயே. இறந்தவர்கள் ஐயாயிரம் பேர் வரை ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றார் அவர். இரண்டு பேர் என்றீர்கள் நீங்கள். விசாரணை முடிந்தபோது அது நான்கு ஆனது. உங்களிடம் உள்ள தகவல் தவறு என்று அதிபரின் காதிலேயே சொன்னீர்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2022 ஜூனில், 2021 ஜனவரி 6 கலவரத்தை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் முன் நீங்கள் கொடுத்த விளக்கம். ஜார்ஜியாவில் 28,000 பேர் அதிபர் தேர்வை மட்டும் காலியாக விட்டுவிட்டு, கீழே இருந்த மற்ற பதவிகளுக்கு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். உங்கள் கட்சியின் நாடாளுமன்ற வேட்பாளர்களுக்கு டிரம்பைவிட 33,000 ஓட்டு அதிகம். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது: யாரும் எதையும் திருடவில்லை, சொந்தக் கட்சிக்காரர்களில் ஒரு பகுதிக்கு அவரைப் பிடிக்கவில்லை. கட்டுமானப் பொறியாளர் என்பதை அன்று நிரூபித்தீர்கள். விலையும் கொடுத்தீர்கள். உங்கள் கட்சியின் இரண்டு செனட்டர்கள் ராஜினாமா கேட்டார்கள், உங்கள் மனைவிக்கு மிரட்டல் வந்தது. இப்படியே போனால் யாராவது கொல்லப்படுவார்கள் என்று உங்கள் அலுவலகத்தின் கேப்ரியல் ஸ்டெர்லிங் கேமராக்களின் முன் கொதித்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

இனி என் வழக்கு.

2019 டிசம்பரில் உங்கள் அலுவலகம் வாக்காளர் பட்டியலிலிருந்து மூன்று லட்சத்துக்கும் அதிகமான பெயர்களை நீக்கியது. பலர் ஊர் மாறியவர்கள், இறந்தவர்கள். அவர்களை நீக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செய்த குற்றம், சில ஆண்டுகளாக ஓட்டுப் போடாததும் தேர்தல் அலுவலகத்தோடு தொடர்பில் இல்லாததும்தான். வழக்குப் போட்டார்கள். நீக்கிய சில நாட்களிலேயே, கெடு முடியும் முன்பே நீக்கப்பட்டவர்கள் என்று ஏறத்தாழ 22,000 பேரை உங்கள் அலுவலகமே திரும்பச் சேர்த்தது. 22,000 என்பது 11,780-க்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்தத் தேர்தலுக்கு இன்னும் ஓராண்டுகூட இல்லாத நேரம் அது.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று ஊரில் இருக்கும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் நீண்ட காலம் ஓட்டுப் போடவில்லை என்றால் வீட்டுக்கு ஒரு அறிவிப்பு வரும். விளம்பரத் தாள்களோடு சேர்ந்து குப்பைக்குப் போகும் வகைத் தபால். பதில் போடாவிட்டால் செயலற்ற வாக்காளர் ஆகிறீர்கள். அடுத்த இரண்டு பொதுத்தேர்தலிலும் ஓட்டுப் போடாவிட்டால் பெயர் போச்சு. இது தெரியாமல் தேர்தல் நாளன்று சாவடிக்குப் போனால் அங்கே எதையும் சரிசெய்ய முடியாது. புதிதாகப் பதிவு செய்யும் கெடு நான்கு வாரம் முன்பே முடிந்திருக்கும். ஒஹாயோவின் இதே போன்ற முறையை 2018-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று ஏற்றுக்கொண்டது. ஆகவே சட்டப்படி சரி. ஓட்டுநர் உரிமம் வாங்கும்போதே தானாகப் பதிவாகும் வசதி ஜார்ஜியாவில் 2016 முதல் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள்.

உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த பிரையன் கெம்ப் கதை இன்னும் விசித்திரம். 2018-இல் அவர் கவர்னர் தேர்தலில் வேட்பாளர். அந்தத் தேர்தலை நடத்தும் மாநிலச் செயலாளரும் அவரே. ஆட்டக்காரரே விசிலும் ஊதினார். விண்ணப்பத்தில் உள்ள விவரம் அரசு ஆவணத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்ற விதியால் 53,000 பதிவுகள் நிலுவையில் கிடந்தன. அதில் 70 சதவீதம் கறுப்பின மக்களுடையவை என்று அசோசியேட்டட் பிரஸ் எழுதியது. மாநில மக்கள்தொகையில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கெம்ப் ஏறத்தாழ 55,000 ஓட்டில் ஜெயித்தார். 2012-க்கும் 2018-க்கும் இடையில் ஜார்ஜியாவில் 214 வாக்குச்சாவடிகள் மூடப்பட்டிருந்தன. 1965-இன் வாக்குரிமைச் சட்டப்படி இத்தகைய மாற்றங்களுக்கு முன்பெல்லாம் வாஷிங்டனின் முன் அனுமதி வேண்டும். 2013-இல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கடிவாளத்தைக் கழற்றிவிட்டது.

அவரிடம் தோற்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஸ்டேசி ஆப்ரம்ஸ், இது தோல்வியை ஏற்கும் உரை அல்ல என்றார். இதை நீங்கள் விடாமல் சொல்லிக் காட்டுகிறீர்கள்: ஆப்ரம்ஸும் டிரம்பும் ஒன்றுதான், இருவரும் தேர்தல் திருடப்பட்டது என்றவர்கள் என்று. பாதி ஒப்புக்கொள்கிறேன். அவர் தரப்பு தொடுத்த வழக்கு 2022 செப்டம்பரில் முழுவதுமாகத் தோற்றது. ஜார்ஜியாவின் தேர்தல் நடைமுறைகள் குறையற்றவை அல்ல, ஆனால் சட்டத்தை மீறவில்லை என்றார் நீதிபதி. அந்தத் தீர்ப்பை ஜனநாயகக் கட்சி நண்பர்கள் யாரும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை. ஆனால் ஆப்ரம்ஸ் அதே உரையில் கெம்ப்தான் வென்றவராக அறிவிக்கப்படுவார் என்று சொல்லிவிட்டு நீதிமன்றத்துக்குப் போனார். ஓட்டைக் கண்டுபிடித்துக் கொடு என்று எந்த அதிகாரியையும் அழைக்கவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது உங்களைப் போன்ற கணக்கு தெரிந்தவருக்கு அழகல்ல.

நான் சொல்ல வருவது இதுதான். கள்ள ஓட்டு பெருகிக் கிடக்கிறது என்ற பயத்தை டிரம்ப் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் கட்சி பல ஆண்டுகளாகப் பொறுமையாக வளர்த்தது, அதில் உங்கள் பங்கும் உண்டு. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், 69 லட்சம் வாக்காளர்களுக்குத் தபால் ஓட்டு விண்ணப்பம் அனுப்பினீர்கள், நல்ல காரியம். அதே மாதம் தபால் ஓட்டு மோசடியைப் பிடிக்க ஒரு தனிக் குழுவும் அமைத்தீர்கள். செப்டம்பரில், ஆயிரம் பேர் இரண்டு முறை ஓட்டுப் போட்டதாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தீர்கள். நவம்பரில் பொதுத்தேர்தலுக்கு அந்த விண்ணப்பத்தை அனுப்பவில்லை. மோசடி, மோசடி என்று ஆண்டு முழுக்கக் கேட்ட மக்களிடம், டிசம்பரில் மோசடியே இல்லை என்றால் எப்படி நம்புவார்கள்? பெயரைச் சத்தமில்லாமல் முன்கூட்டியே நீக்குவதற்குத் தேவைப்பட்ட அதே சந்தேகம்தான், எண்ணி முடித்த பிறகு சத்தமாக உங்கள் வாசலுக்கு வந்தது.

சந்தேகத்துக்குச் சந்தை இருக்கிறது என்பதை உங்கள் கட்சிக்காரர்கள் விரும்பிப் பார்க்கும் ஃபாக்ஸ் நியூஸ் சேனல் நமக்குக் காட்டியது. 2019-இல் 10 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து நீங்கள் வாங்கிய டொமினியன் நிறுவனத்தின் வாக்குப்பதிவு இயந்திரங்கள்தான் அந்த நாடகத்தில் வில்லன். தேர்தல் இரவு 11:20-க்கு அரிசோனா பைடனுக்கு என்று முதலில் அறிவித்ததே ஃபாக்ஸ்தான். சரியான அறிவிப்பு. கோபித்துக்கொண்ட நேயர்கள் போட்டிச் சேனலான நியூஸ்மேக்ஸுக்குத் தாவ, ஃபாக்ஸ் பயந்தது. தொகுப்பாளர்கள் தங்களுக்குள் குறுஞ்செய்தியில் சிரித்த கதைகளைத் திரையில் ஓட விட்டார்கள். அரிசோனா கணிப்பை வெளியில் நியாயப்படுத்திப் பேசியவருக்கு ஜனவரியில் வேலை போனது. இது சிவப்போ (குடியரசுக் கட்சி) நீலமோ (ஜனநாயகக் கட்சி) அல்ல, பச்சை என்று டொமினியன் தொடுத்த அவதூறு வழக்கில் ஃபாக்ஸ் முதலாளி ரூபர்ட் மர்டாக் ஒப்புக்கொண்டார். பச்சை என்றால் இங்கே டாலர். 2023 ஏப்ரல் 18 அன்று டொமினியனோடு 78 கோடியே 75 லட்சம் டாலருக்குச் சமரசம். திரையில் மன்னிப்பு எதுவும் இல்லை. அட்லாண்டாவில் ஓட்டு எண்ணிய ஒரு தாயையும் மகளையும், வழக்கமான வாக்குப் பெட்டிகளைச் சூட்கேஸ் என்று சொல்லித் தெருவுக்கு இழுத்த டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானிக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் தண்டம். தண்டம் கட்டியது கொஞ்சம் பேர். நம்பியவர்கள் அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுபக்கமும் சுத்தமில்லை. 2021 மார்ச்சில் ஜார்ஜியாவில் வந்த தேர்தல் சட்டத்தை இருபத்தொன்றாம் நூற்றாண்டின் ஜிம் குரோ, அதாவது கறுப்பின மக்களை ஒதுக்கிய பழைய நிறவெறிச் சட்டம், என்றார் பைடன். அந்தத் தரப்புச் சேனல்கள் அதையே பிடித்துக்கொண்டன. அடுத்த ஆண்டே முன்கூட்டி ஓட்டுப் போட்டவர்களின் எண்ணிக்கை இடைத்தேர்தல் ஆண்டுக்கான சாதனை படைத்தது. நீங்கள் அதைக் காட்டிச் சிரித்தீர்கள். கூடுதலாக ஒரு சனிக்கிழமை வாக்குப்பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமும் அதுதான் என்பதை எத்தனை பேர் சொன்னார்கள்? மிகைப்படுத்தியதால் நிஜமான குறைகள் மறைந்துபோயின: தபால் ஓட்டுப் பெட்டிகள் லட்சம் வாக்காளருக்கு ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கின. வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுப்பது குற்றமானது. ஒரே ஆள் எத்தனை பேரின் வாக்குரிமையையும் ஆட்சேபிக்கலாம் என்றானது. அதன் பிறகு ஆயிரக்கணக்கில் ஆட்சேபங்கள் வந்து குவிந்தன. அவற்றைப் படித்து நிராகரிப்பதே கவுண்டி (மாவட்ட) ஊழியர்களுக்கு முழுநேர வேலை.

நீங்கள் ஆதரித்த அந்தச் சட்டம் உங்களையும் விடவில்லை. மாநிலத் தேர்தல் வாரியத் தலைவர் பதவியை உங்களிடமிருந்து பறித்தது. 2024-இல் அதே வாரியத்தின் மூன்று உறுப்பினர்களை டிரம்ப் அட்லாண்டா மேடையில் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். செப்டம்பரில் அவர்கள் வாக்குச்சீட்டுகளைச் சாவடியிலேயே கையால் எண்ண வேண்டும் என்று விதி போட்டார்கள். நீங்கள் எதிர்த்தீர்கள், நீதிமன்றம் தடுத்தது.

டி. என். சேஷன் காலத்தை நினைவில் வைத்திருக்கும் எங்களுக்கு, கட்சிச் சின்னத்தில் ஜெயித்த ஒருவர் தேர்தலை நடத்துவதே முதலில் புரியவில்லை. ஆனால் அதை மாற்றச் சொல்லி உங்களிடம் கேட்டுப் பயனில்லை. சின்னதாக ஒன்று கேட்கிறேன். பட்டியலில் பெயர் இல்லாதவர், அடையாள அட்டையைக் காட்டி, ஓட்டுப் போடும் நாளன்றே சாவடியில் பதிவு செய்துகொள்ள அனுமதியுங்கள். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இது உண்டு. உங்கள் கட்சி அசைக்க முடியாதபடி இருக்கும் வயோமிங்கிலும் யூட்டாவிலும் உண்டு. அப்படி ஒரு வழி இருந்தால், பட்டியலை நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சுத்தம் செய்யுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். வயோமிங் குடியரசுக் கட்சிக்காரர்களுக்குச் சம்மதமானது ஜார்ஜியாவில் ஏன் ஆகாது என்று ஒரு பதில் எழுதுங்கள். தமிழில் மொழிபெயர்த்து இங்கேயே போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாநிலத்து வாக்காளன் ஒருவன்