தண்ணீரோடு கல்லையும் பாருங்கள்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவருக்கும், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பணியாற்றும் வாரிய அலுவலர்களுக்கும், வணக்கம்.

நான் சேரன்மகாதேவிப் பக்கத்துக்காரன். தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவன். சின்ன வயதில் ஆற்றுக் கல்லைப் புரட்டினால் அடியில் சப்பையாக ஒரு பூச்சி சரேலென்று மறுபக்கம் ஓடும். பின்னால் மூன்று வால், இடுப்போரத்தில் படபடக்கும் செவுள்கள். அது மேஃப்ளையின் இளம்பருவம் என்பது கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் தெரிந்தது. அதே கல்லில் மணலைப் பொறுக்கி ஒட்டிக் கூடு கட்டியிருக்கும் கேடிஸ் புழுவும் இருக்கும். இன்று எங்கள் படித்துறையில் இந்த இரண்டையும் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அட்டையும் நத்தையும் தேடாமலே நிறையக் கிடைக்கின்றன.

இந்த மாற்றம் உங்கள் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆற்றிலிருந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்து, கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு), கோலிஃபார்ம் (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) எல்லாம் பார்க்கிறீர்கள். அது தேவை. ஆனால் அந்தப் பாட்டில் அந்த நேரத்துத் தண்ணீரைப் பற்றி மட்டும்தான் பேசும். ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ கழிவைத் திறந்துவிட்டால், விடிவதற்குள் அது கீழே போய்விடும். கல்லுக்கடியில் இருக்கும் உயிர்களால் அப்படிப் போக முடியாது. சில வாரங்களிலிருந்து ஓராண்டுக்கும் மேலாக அங்கேயே கிடந்து, வருகிற எல்லாவற்றையும் அவைதான் தாங்குகின்றன. ஆக்சிஜன் ஒரே ஒரு ராத்திரி சரிந்தால்கூடப் பல மேஃப்ளைகள் செத்துப்போகும். சேற்றில் நெளியும் சிவப்புப் புழு பிழைத்துக்கொள்ளும். அதன் உடலில் நம் ரத்தத்தைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு, அதனால் இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே யார் இருக்கிறார்கள், யார் காணாமல் போனார்கள் என்று எண்ணினாலே கடந்த சில மாதங்களின் கதை வந்துவிடும்.

இது புதிய யோசனையும் அல்ல. ஜெர்மனியில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் இதற்கு அடித்தளம் போட்டார்கள். பிரிட்டனில் இந்த உயிர்களின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் வைத்தார்கள்; மாசைத் தாங்காத உயிருக்கு அதிக மதிப்பெண். ஸ்டோன்ஃப்ளை என்ற இன்னொரு கல்லடிப் பூச்சிக்கும் மேஃப்ளையின் பல குடும்பங்களுக்கும் 10, பெரும்பாலான அட்டைகளுக்கு 3, சிவப்புப் புழுவுக்கு 2. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே இதை இந்திய ஆறுகளுக்கேற்ப மாற்றி, சுத்தத்துக்கு நீலம் தொடங்கி கடும் மாசுக்குச் சிவப்பு வரை ஐந்து வகுப்புகளாகப் பிரித்துத் தந்திருக்கிறது. இனத்தின் பெயர்கூடத் தெரிய வேண்டாம், குடும்பத்தை அடையாளம் கண்டால் போதும்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. ஆற்றின் அடிமட்டத்தையே வாரிக்கொண்டு போன வெள்ளம் அது. அதற்கு முன்னால் ஆற்றடியில் என்னென்ன வாழ்ந்தன என்று இடம் இடமாக எழுதிய பட்டியல் ஒன்று இருந்திருந்தால், ஆறு எவ்வளவு தூரம் மீண்டிருக்கிறது என்று இப்போது ஒப்பிட்டுச் சொல்லலாம். அது இல்லாத குறை எனக்கு மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

என் வேண்டுகோள் இதுதான். ஆண்டுக்கு இரண்டு முறை, வெள்ளம் வடிந்து ஆறு ஒரு நிலைக்கு வந்த பிறகு, ஐந்து இடங்களில் அடிமட்ட உயிர்களைச் சேகரியுங்கள். பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் ஓர் இடம் கட்டாயம் வேண்டும். ஆறு நன்றாக இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அதுதான் அளவுகோல். அப்புறம் சேரன்மகாதேவி, கொக்கிரகுளம், சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரி, ஸ்ரீவைகுண்டம். மேலே கல்லும் கீழே மணலும் சேறுமாக இருப்பதால், ஓரிடத்தை இன்னோர் இடத்தோடு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிடக் கூடாது. அதே இடத்தை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதுதான் முக்கியம்.

செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். வலை, வெள்ளைத் தட்டு, லென்ஸ், தூரிகை. ஒருவர் வலையைப் பிடிக்க, இன்னொருவர் தண்ணீர் வரும் பக்கம் நின்று காலால் கல்லைக் கிளற வேண்டும், அவ்வளவுதான். ஆழ்வார்க்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் விலங்கியல் மாணவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் சந்தோஷமாக வருவார்கள்.

கிடைக்கும் வகுப்பை அந்தந்தப் படித்துறையிலேயே ஒரு பலகையில், அதே நிறத்தில் எழுதி வையுங்கள். பி.ஓ.டி. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றால் துணி துவைக்க வருகிற அக்காவுக்கு ஒன்றும் புரியாது. போன வருடம் பச்சையாக இருந்த பலகை இந்த வருடம் ஆரஞ்சாக மாறினால், ஏன் என்று அவரே உங்களைக் கேட்பார்.

முதல் முறை சேரன்மகாதேவிக்கு வரும்போது சொல்லுங்கள். வலை பிடிக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரைவாசி ஒருவன்